அலைன்மென்ட் நிற்காத கார்: ஸ்டியரிங், சஸ்பென்ஷன் தேய்மானம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

திண்டுக்கல்லில் உள்ள எங்கள் பட்டறைக்கு வந்த கார் ஒன்றின் விவரம் இது. 9 வருடம் ஓடிய பெட்ரோல் ஹேட்ச்பேக். மீட்டர் 90,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்ப்ரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்), பின்பக்கம் டார்ஷன் பீம் (பின்சக்கரங்களை இணைக்கும் குறுக்குத் தண்டு), மின்சார பவர் ஸ்டியரிங் என்று இன்று சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு உள்ள அதே அமைப்புதான்.

ஓட்டுபவர் ஒரு பள்ளி ஆசிரியை. வீடு வத்தலக்குண்டில். பள்ளிக்கூடம் கொடைக்கானல் மலைப்பாதையில் உள்ள ஒரு ஊரில். பள்ளி நாட்களில் காலையில் ஏற்றம், மாலையில் இறக்கம். டம்டம் பாறை வளைவுகளில் தினமும் இறங்கும் காரில் முன்சக்கரப் பாகங்கள் படும் பாடு, நெடுஞ்சாலையில் மட்டும் ஓடும் காரில் வராது. வளைவுக்கு வளைவு பிரேக், ஸ்டியரிங் முழுத் திருப்பம், ஓரத்தில் உடைந்த தார், மழைக்காலத்தில் சேறு என்று எல்லாம் சேர்ந்து புஷ்களையும் (பாகங்கள் சேரும் இடத்தில் உட்காரும் ரப்பர் வளையங்கள்) ஜாயின்ட்களையும் சீக்கிரம் தின்றுவிடும்.

அவர் சொன்ன குறைகள் மூன்று. குண்டும் குழியுமான ரோட்டில் மெதுவாகப் போகும்போது முன் இடது பக்கத்தில் ‘டக் டக்’ சத்தம். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் கார் இடது பக்கம் லேசாக இழுக்கிறது, பிரேக்கை விட்டால் வெடுக்கென்று நேராகிறது. முன் இடது டயர் உள்பக்கம் மட்டும் தேய்ந்துபோகிறது.

“சத்தத்தைக்கூடப் பொறுத்துக்குவேன்ணே. பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் போறதுதான் பயமா இருக்கு” என்றார். சத்தத்தை முதலில் சொல்லிவிட்டு இழுப்பைப் போகிற போக்கில் சொல்பவர்கள்தான் அதிகம். எது ஆபத்து என்று சரியாகப் பிரித்துச் சொன்னது எங்களுக்கு உதவியாக இருந்தது.

முன்பு பார்த்த வேலைகள்

வருவதற்கு முன்பே கார் வேறொரு இடத்தில் வேலை பார்க்கப்பட்டிருந்தது. ரசீதுகளை எல்லாம் பத்திரமாக வைத்திருந்தார், கொண்டுவரச் சொல்லி வரிசையாக அடுக்கிப் பார்த்தோம். முதலில் வீல் பேலன்சிங், அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணங்களை அளந்து சரிசெய்வது). அப்புறம் சத்தத்துக்காக முன்பக்க ஸ்ட்ரட் இரண்டும் புதிது. அதன்பின் மறுபடி அலைன்மென்ட். கடைசியாக, “ஸ்டியரிங் ரேக் போயிடுச்சு, மாத்தணும்” என்று 20,000 ரூபாய்க்கு மேல் ஒரு மதிப்பீடு. ரேக் என்பது ஸ்டியரிங் திருப்பலை முன்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பற்தண்டு. அந்த மதிப்பீட்டைப் பார்த்த பிறகுதான் இன்னொரு இடத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்று எங்களிடம் வந்திருந்தார்.

அந்த ரசீதுகளில் இரண்டு செய்திகள் இருந்தன. ஸ்ட்ரட் மாற்றியபோது அதன் தலையில் உட்காரும் ரப்பர் மவுண்ட்டும் பேரிங்கும் பட்டியலில் இல்லை. அதாவது பழையதையே திரும்பப் பூட்டியிருக்கிறார்கள். இரண்டாவது, ஸ்ட்ரட் மாற்றியதும் சில நாள் சத்தம் குறைந்து, மறுபடி வந்திருக்கிறது. ஸ்ட்ரட்டை இறக்க வேண்டுமானால் ஸ்டெபிலைசர் லிங்க் ராடின் நட்டைக் கழற்றி மாட்டியாக வேண்டும். வளைவில் கார் சாய்வதைக் குறைக்க இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் தண்டு ஸ்டெபிலைசர் பார், அதை ஸ்ட்ரட்டோடு சேர்க்கும் சின்னத் தண்டு லிங்க் ராட். பழைய லிங்க்கையே புதிதாக இறுக்கிப் பூட்டினால் சத்தம் கொஞ்ச நாள் அடங்கியிருக்க இடம் உண்டு. இது அப்போது வெறும் ஊகம்தான், ஆனால் குறித்துவைத்துக்கொண்டோம்.

அலைன்மென்ட் அச்சுத் தாள்கள் இரண்டிலும் எல்லா எண்ணும் பச்சை நிறத்தில், வரம்புக்குள் இருந்தன. தாள் சரி என்கிறது, டயர் தேய்கிறது. இரண்டில் டயரைத்தான் நம்ப வேண்டும். தாள் நின்ற காரை அளந்தது, டயர் ஓடிய காரில் தேய்ந்தது.

டயரும் ரோடும் காட்டியது

காரைத் தூக்குவதற்கு முன்னால் டயரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தோம். முன் இடது டயரில் உள்ளிருந்து வெளியே தடவினால் வழுக்கியது, வெளியிலிருந்து உள்ளே வந்தால் பட்டன்களின் (டயரின் மேல்பரப்பில் உள்ள ரப்பர் கட்டைகள்) விளிம்பு கையைப் பிடித்தது. இது டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) வெளிப்பக்கம் திறந்து ஓடியதன் அடையாளம். கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) மட்டும் தப்பாக இருந்தால் உள்ஓரம் வழவழவென்று தேயும், இப்படி விளிம்பு எழும்பாது. ஷாக் அப்சார்பர் போயிருந்தால் ஆங்காங்கே பள்ளம் பள்ளமாக விழும். அதுவும் இல்லை. உள்ஓரத்தில் ரப்பர் 1.6 மில்லிமீட்டர் தேய்மானக் குறிக்கும் கீழே போயிருந்தது. வெளியே நின்று பார்த்தால் நல்ல டயர் போலத்தான் தெரியும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிவைத்துப் பார்த்தால்தான் உள்பக்கம் கண்ணில் படும்.

பின்டயர்கள் சமமாகத் தேய்ந்திருந்ததால் பின்பக்க பீம் வளைந்திருக்குமோ என்ற சந்தேகம் பெரும்பாலும் போயிற்று.

அடுத்து ரோடு. அவரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். குறை எங்கே, எப்படி வருகிறது என்பது தினமும் ஓட்டுபவருக்குத்தான் தெரியும். வேகத்தடை ஒன்றில் இரண்டு முன்சக்கரமும் ஒன்றாக ஏறும்படி நேராக ஏற்றச் சொன்னேன். சத்தம் இல்லை. அதே வேகத்தடையில் சாய்வாக, ஒரு சக்கரம் முன்னாலும் மற்றது பின்னாலும் ஏறும்படி போனபோது ‘டக்’ என்று கேட்டது. திரும்பத் திரும்ப அப்படியே.

இந்த ஒரு வித்தியாசம் நிறைய சொல்லும். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொள்ளாது, தன் புஷ்களுக்குள் சும்மா சுழலும். லிங்க் ராடுகளுக்குப் பெரிய வேலை இல்லை. ஒரு சக்கரம் மட்டும் ஏறும்போது பார் முறுக்கிக்கொண்டு லிங்க்கை இழுக்கிறது, தள்ளுகிறது. அதில் ஆட்டம் இருந்தால் அப்போதுதான் தட்டும். ஸ்ட்ரட் கெட்டிருந்தால் நேராக ஏறும்போதும் சத்தம் வந்திருக்க வேண்டும்.

பிரேக்கை லேசாகத் தொட்டபடி அதே குழியில் போய்ப் பார்த்தோம். சத்தம் மாறவில்லை. பிரேக்கைத் தொட்டதும் சத்தம் நின்றால் காலிபரோ (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) பிரேக் பேடோ ஆடுகிறது என்று எடுத்துக்கொள்வோம். இங்கே அது இல்லை.

பிறகு காலி ரோட்டில் 40 கிலோமீட்டர் வேகத்தில் அழுத்தி ஒரு பிரேக். ‘தொம்’ என்று அடியில் ஒரு மந்தமான அடி, உடனே இடதுபக்க இழுப்பு. இது முந்தைய ‘டக்’ சத்தம் இல்லை. அதன் கனமே வேறு. ஒரு காரில் ஒரே குறைதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு தேடினால் இந்த இடத்தில்தான் வழி தவறும். ஒரு பாகத்தை மாற்றி ஒரு சத்தம் போனதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுவோம், இல்லை இன்னொரு சத்தம் மிச்சம் இருப்பதால் மாற்றியது தவறோ என்று குழம்புவோம். இரண்டையும் தனித்தனியாக ஜாப் கார்டில் எழுதினோம்.

லிஃப்ட்டில் எல்லாம் நன்றாக இருந்தது

டூ போஸ்ட் லிஃப்ட்டில் ஏற்றினோம். நான்கு சக்கரமும் தொங்கின. சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இல்லை. இடவலமாகப் பிடித்து ஆட்டியபோது இடது சக்கரத்தில் மிகச் சின்னதாக ஓர் அசைவு. உதவியாளரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டியபோதும் அந்த அசைவு அப்படியே இருந்தது. வீல் பேரிங்கில் ஆட்டம் என்றால் பிரேக் மிதித்ததும் அடங்கிவிடும். ஆகவே இது பேரிங் இல்லை, டை ராட் (ரேக்கிலிருந்து வந்து சக்கரத்தைத் திருப்பும் தண்டு) பக்கம் பார்க்க வேண்டியது என்று குறித்தோம்.

லோயர் ஆர்முக்கும் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் சேசிஸோடு இணைக்கும் கை) நக்கிளுக்கும் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) நடுவே லிவர் போட்டு நெம்பியதில், இரண்டையும் சேர்க்கும் பால் ஜாயின்ட் இறுக்கமாகவே இருந்தது. மெக்ஃபர்சன் அமைப்பில் காரின் எடை ஸ்ப்ரிங், ஸ்ட்ரட் வழியாக இறங்குகிறது. கீழ் பால் ஜாயின்ட் அந்த எடையைச் சுமப்பதில்லை, சக்கரத்தை இடத்தில் பிடித்து வைக்கிறது. அதனால் தொங்கவிட்டே அதைச் சோதிக்கலாம். ஸ்ப்ரிங் லோயர் ஆர்மின் மேல் உட்காரும் வண்டிகளில் இப்படிச் செய்தால் தவறான முடிவு வரும். அங்கே ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

லோயர் ஆர்மின் பின்புஷ்ஷில் வெளியே மெல்லிய வெடிப்பு மட்டும் தெரிந்தது. இந்த வயதுக் காரில் அப்படி வெடிப்பு இருப்பது சாதாரணம். லிங்க் ராடை அசைத்தால் இறுக்கமாக இருந்தது. லிஃப்ட்டோடு நின்றிருந்தால், “ஒன்றும் இல்லை, ரேக்காகத்தான் இருக்கும்” என்ற முடிவுக்கு யாரும் வந்திருக்கலாம்.

குழியில் தெரிந்தது

எங்கள் பட்டறையில் பழைய சர்வீஸ் குழி ஒன்று இன்னும் இருக்கிறது. லிஃப்ட் வந்த பிறகு பல இடங்களில் குழியை மூடிவிட்டார்கள். சஸ்பென்ஷன் பார்ப்பதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. சக்கரம் தரையில், எடை சக்கரத்தில், ஓடும்போது எப்படி இருக்குமோ அதே நிலையில் எல்லாப் பாகமும் கண்ணுக்கு முன்னால் இருக்கும்.

முதலில் ஸ்டியரிங். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, எஞ்சினை ஓடவிட்டு, உதவியாளர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சின்னச் சின்னதாக ஆட்டினார். நான் குழியில் நின்று ஒவ்வொரு ஜாயின்ட்டின் மேலும் மாறி மாறிக் கைவைத்தேன். இடது டை ராட் எண்டில் ‘டிக் டிக்’ என்று கையில் தட்டியது. அதன் ரப்பர் பூட் (உறை) கீழ்ப்பக்கம் கிழிந்து, உள்ளே கிரீஸுக்குப் பதிலாகச் செம்மண் கலந்த ஈரம். வலது பக்கம் பூட் முழுசாக இருந்தது, தட்டலும் இல்லை.

அம்பாசடர் காலத்தில் இந்த மாதிரி இடங்களில் கிரீஸ் நிப்பிள் இருந்தது. சர்வீஸுக்கு வரும்போதெல்லாம் புது கிரீஸை அடித்து அழுக்கை வெளியே தள்ளுவார்கள். இன்றைய ஜாயின்ட்கள் மூடி முத்திரையிட்டவை. பூட் கிழிந்த அன்றே அதன் ஆயுள் எண்ணப்படத் தொடங்குகிறது. கிழிந்த பூட்டைப் பார்த்துவிட்டு ‘ஆட்டம் இல்லையே’ என்று விடுவது சரியில்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன், மலைப்பாதைக் காரில் அதிலும் கூடாது.

அடுத்து லிங்க் ராட். காரின் கூரை ஓரத்தைப் பிடித்து இருவர் பக்கவாட்டில் ஆட்ட, கீழே லிங்க்கின் மேல் கைவைத்தால் இடது லிங்க்கின் மேல்ஜாயின்ட் ‘டக்’ என்று தட்டியது. லிஃப்ட்டில் கையால் அசைத்துப் பார்க்கும் பலம் ஸ்டெபிலைசர் பார் இழுக்கும் பலத்துக்குப் பக்கத்தில்கூட வராது. அதனால்தான் அங்கே இறுக்கமாகத் தெரிந்தது. ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கினால் இன்னும் மோசம். பார் முறுக்கிக்கொண்டு லிங்க்கை ஒரே பக்கமாக அழுத்திப் பிடித்துவிடும், ஆட்டம் மறைந்துவிடும்.

உறுதிப்படுத்த இரண்டு லிங்க்கையும் கழற்றி, பாரின் முனைகள் எதிலும் இடிக்காதபடி கட்டிவைத்து, பட்டறைத் தெருவில் மட்டும் மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். ‘டக் டக்’ சத்தம் முழுசாக நின்றது. பிரேக் பிடித்தால் வரும் ‘தொம்’ மட்டும் மிச்சம். லிங்க் இல்லாத கார் வளைவில் அதிகம் சாயும், ஆகவே இந்தச் சோதனையைச் சமமான தெருவில் நடக்கும் வேகத்துக்குமேல் செய்யக்கூடாது.

கடைசியாக அந்த ‘தொம்’. லோயர் ஆர்ம் வீட்டுக் கதவு கீலில் திரும்புவது போல இரண்டு புஷ்களில் திரும்புகிறது. முன்புஷ் ஆர்மைப் பக்கவாட்டில் பிடிக்கிறது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னுக்குப் போகாமல் தடுப்பது பின்புஷ்ஷின் வேலை. இரண்டு ஆர்மிலும் பின்புஷ்ஷின் வெளிவளையத்திலிருந்து சேசிஸ் பிராக்கெட் வரை வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு போட்டோம். குழிக்குள் யாரும் இல்லை. செல்போனைக் காந்த ஸ்டாண்டில் மாட்டி வீடியோவில் விட்டோம். நகரும் காருக்கு அடியில் ஆளை நிறுத்தக்கூடாது என்பதில் விட்டுக்கொடுப்பதே இல்லை. உதவியாளர் காரை ஓர் அடி முன்னால் உருட்டிப் பிரேக், ஓர் அடி பின்னால் உருட்டிப் பிரேக் என்று செய்தார்.

வீடியோவில் வலதுபக்கக் கோடு லேசாக நெளிந்து திரும்பியது. ரப்பர் அவ்வளவு நெகிழத்தான் வேண்டும். இடதுபக்கக் கோடு இரண்டாகப் பிரிந்தது. ஆர்மின் பின்முனை பக்கவாட்டில் போய் முட்டி நின்றது, அதுதான் ‘தொம்’. ரப்பர் உள்ளே உலோக வளையத்திலிருந்து கழன்றிருந்தது. தொங்கவிட்டபோது வெடிப்பு மூடிக்கொண்டு நல்ல புஷ் மாதிரியே தெரிந்தது.

மூன்று குறையும் இங்கே பொருந்திவிட்டன. பிரேக் பிடித்தால் இடது சக்கரம் பின்னுக்குத் தள்ளப்பட்டு, டோ வெளியே திறந்து, கார் இடது பக்கம் போகிறது. விட்டால் ஆர்ம் திரும்ப வந்து கார் வெடுக்கென்று நேராகிறது. மலை இறக்கம் முழுக்கப் பிரேக் என்பதால் டயர் பெரும்பாலான நேரம் திறந்த டோவில் ஓடியிருக்கிறது, அதோடு டை ராட் எண்டின் ஆட்டமும் சேர்ந்துகொண்டது. அலைன்மென்ட் மேடையில் கார் அசையாமல் நிற்கும்போது புஷ் தன் இடத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதனால் தாளில் எண் சரியாக வந்தது. எந்திரத்தின் மேல் தப்பில்லை.

ரேக்கை ஏன் தொடவில்லை

ரேக் மாற்ற வேண்டும் என்று முன்பு சொல்லியிருந்ததால் அதைத் தனியாகப் பார்த்தோம். பெல்லோஸ் ரப்பரின் (ரேக் முனையை மூடும் மடிப்பு உறை) மேலாக ரேக் எண்ட் ஜாயின்ட்டை விரல்களால் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை ஆட்டியபோது இரண்டு பக்கமும் தட்டல் இல்லை. ரேக் தண்டைப் பயணி பக்கத்தில் மேலும் கீழும் அசைத்துப் பார்த்ததில் மிகச் சிறிய அசைவு இருந்தது. அந்தப் பக்கத்து பிளாஸ்டிக் புஷ் தேயத் தொடங்கியிருக்கலாம். ஆனால் ஆசிரியை சொன்ன மூன்று குறையில் எதற்கும் அது காரணம் இல்லை. ரேக் புஷ் தட்டினால் சின்னச் சின்ன மேடுபள்ளத்தில் ஸ்டியரிங் வீலிலேயே கையில் தெரியும். அவருக்கு அப்படி எதுவும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பெல்லோஸ் கிழியாமல் இருந்தது. 5,000 கிலோமீட்டர் கழித்து மறுபடி பார்ப்பது என்று எழுதிவைத்தோம்.

இழுப்புக்குப் பிரேக்கும் டயரும்கூடக் காரணமாக இருக்கலாம் என்பதால் அவற்றையும் விலக்க வேண்டியிருந்தது. ஓட்டிவந்ததும் இரண்டு முன் டிஸ்க்கின் சூட்டையும் அளந்தோம், ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. காலிபர் பின்கள் தாராளமாக நகர்ந்தன. முன்டயர் இரண்டையும் இடம் மாற்றி ஓட்டியபோதும் இழுப்பு இடது பக்கமே இருந்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. கார் நிற்கும்போது ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் இடது ஸ்ப்ரிங் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு பிறகு துள்ளி விடுபட்டது. ஸ்ப்ரிங்கின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்தால் அந்தத் துள்ளல் நன்றாகத் தெரியும் (சுருள்களுக்கு நடுவே விரலை விடக்கூடாது). மவுண்ட் பேரிங் இறுகத் தொடங்கியிருந்தது. புது ஸ்ட்ரட்டின் தலையில் பழைய பேரிங்.

எடுத்த முடிவுகள்

வீடியோவை ஆசிரியைக்குக் காட்டினோம். கோடு பிரிவதைப் பார்த்ததும், “இதோடயா நான் தினமும் இறங்கிட்டு இருந்தேன்?” என்று கேட்டார். டை ராட் எண்ட் கழன்றால் அந்தச் சக்கரம் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது, ஆகவே அதை மாற்றாமல் மலை ஏற வேண்டாம் என்று சொன்னோம். கார் பட்டறையிலேயே நின்றது, அவர் பஸ்ஸில் போய்வந்தார்.

கையில் இருந்த பணத்துக்குள் என்ன செய்வது என்பதைச் சேர்ந்து பேசித்தான் முடிவெடுத்தோம். இடது டை ராட் எண்ட் கட்டாயம். வலது பக்கத்தது நன்றாக இருந்ததால் விட்டோம். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் சொல்வதை நான் ஏற்பதில்லை. டை ராட் எண்டில் ஆட்டமில்லாத பழையதும் புதியதும் ஒரே மாதிரிதான் வேலை செய்யும்.

லோயர் ஆர்மில் அப்படி இல்லை. புஷ் என்பது ரப்பர். ஒரு பக்கம் புது ரப்பரின் விறைப்பும் மறுபக்கம் 90,000 கிலோமீட்டர் ஓடிய ரப்பரின் தளர்ச்சியும் இருந்தால் பிரேக் பிடிக்கும்போது இரண்டு சக்கரமும் வெவ்வேறு அளவு பின்னுக்குப் போகும். ஆகவே இரண்டு ஆர்மும். புஷ் மட்டும் அழுத்தி மாற்றலாமே என்ற கேள்வி வந்தது. இந்தக் காரில் பால் ஜாயின்ட் ஆர்மோடு சேர்ந்தே வருகிறது, அதன் வயதும் அதேதான். புஷ்ஷைப் பிரஸ்ஸில் ஏற்றி இறக்கும் கூலியையும் சேர்த்தால் முழு ஆர்முக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் வரவில்லை.

லிங்க் ராட் இரண்டும் மாற்றினோம். விலை குறைவு, வேலையும் அங்கேயே நடக்கிறது. தேய்ந்த முன்டயர்களை ஒதுக்கிவிட்டு இரண்டு புது டயர் வாங்கச் சொன்னோம். மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது, உள்ஓரத்தில் குறிக்குக் கீழே போன டயரோடு ஈரமான மலைப்பாதையில் இறங்க விட முடியாது.

மவுண்ட் பேரிங்கைத்தான் தள்ளிப்போட்டோம். செலவு ஏற்கெனவே கூடியிருந்தது. அது இப்போதைக்குச் சத்தம் தரும் குறை, சக்கரம் கழலும் குறை இல்லை. அதைச் சொல்லி, அவர் சம்மதத்தோடு, ஜாப் கார்டில் ‘நிலுவை’ என்று எழுதினோம்.

வேலை நடந்த விதம்

டை ராட் எண்டை டேப்பரிலிருந்து (நக்கிளில் அது உட்காரும் கூம்புத் துளை) புல்லர் வைத்துப் பிரித்தோம். சுத்தியலால் நக்கிளை அடித்தும் பிரிக்கலாம், பக்கத்துப் பால் ஜாயின்ட்டின் பூட் கிழிவதும் பெரும்பாலும் அப்படித்தான். பழையதைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி, புதியதை அதே சுற்றில் நிறுத்தினோம். அலைன்மென்ட் மேடை வரை கார் ஓரளவு நேராகப் போக அது போதும். நட்டுகள் எல்லாம் புதியவை.

லோயர் ஆர்ம் விஷயத்தில் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதுப் புஷ் ஒரே வருடத்தில் கிழிவதற்கு இதுவே பெரிய காரணம். ஆர்மின் புஷ்ஷில் ரப்பர் உள்வளையத்தோடும் வெளிவளையத்தோடும் ஒட்டியிருக்கிறது. உள்வளையத்தை போல்ட் இறுக்கிப் பிடித்துவிடும், ஆர்ம் அசைவதெல்லாம் ரப்பர் முறுக்குவதால்தான். சக்கரம் தொங்கும்போது போல்ட்டை முழுசாக இறுக்கினால் ரப்பர் அந்தத் தொங்கும் நிலையையே தன் இயல்பு நிலையாக எடுத்துக்கொள்ளும். காரை இறக்கியதும் அது நிரந்தரமாக முறுக்கிக்கொண்டே கிடக்கும், பிறகு ஒவ்வொரு குழிக்கும் இன்னும் முறுக்கும். லிஃப்ட்டில் போல்ட்டுகளைக் கையிறுக்கமாக மட்டும் போட்டோம். காரைக் குழிக்குக் கொண்டுபோய், சக்கரம் தரையில் இருக்க, முன்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கி விட்டு உட்காரவைத்த பிறகு டார்க் ரென்ச்சால் குறித்த அளவுக்கு இறுக்கினோம்.

புது டயர்கள் இரண்டையும் பின்னால் போட்டு, பின்னால் இருந்த நல்ல டயர்களை முன்னால் கொண்டுவந்தோம். ஈரமான வளைவில் பின்பக்கம் வழுக்கினால் சமாளிப்பது கடினம், ஆழமான பட்டன் அங்கேதான் வேண்டும்.

கடைசியாக அலைன்மென்ட். ஸ்டியரிங் வீலை நேராகப் பூட்டிவைத்து, பின்சக்கரங்களையும் அளந்து, முன் டோவை இரண்டு பக்கமும் சமமாகப் பிரித்து வைத்தோம்.

பின்பு நடந்தது

அன்றே அதே வேகத்தடையில் சாய்வாக ஏற்றிப் பார்த்தோம். சத்தம் இல்லை. அதே 40 கிலோமீட்டர் வேகத்தில் அழுத்திப் பிரேக் பிடித்தபோது ஸ்டியரிங்கைத் தளர்வாகப் பிடித்திருந்தும் கார் நேராக நின்றது. ஆசிரியை மலை ஏறி இறங்கிவிட்டு மாலையில் போன் செய்தார். இறக்கத்தில் தோள் வலிக்கவில்லை என்றார். ஸ்டியரிங்கை விடாமல் பிடித்து இழுத்துக்கொண்டே இறங்கியிருக்கிறார் என்பது எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது.

இறக்கத்தில் இரண்டாம் கியரில் இறங்குங்கள், பிரேக்கில் காலை வைத்தே இறங்காதீர்கள் என்றும் சொல்லியிருந்தோம். அதையும் கடைப்பிடித்தார்.

5,000 கிலோமீட்டரில் வந்தபோது முன்டயர்களின் உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் மூன்றிலும் ஆழம் அளந்தோம். சமமாக இருந்தது. உள்ளங்கையில் விளிம்பு பிடிக்கவில்லை. ரேக்கின் அசைவு முன்பிருந்த அளவிலேயே நின்றது.

ஆனால் மழை தொடங்கியதும் தள்ளிப்போட்ட மவுண்ட் பேரிங் பெரிதாகிவிட்டது. பார்க்கிங்கில் திருப்பும்போது ‘டொங்’ என்ற சத்தம். வளைவு முடிந்தபின் ஸ்டியரிங் தானாக நேருக்கு வரச் சோம்பியது. இரண்டு பக்கமும் ஸ்ட்ரட்டை இறக்கி மவுண்ட்டும் பேரிங்கும் மாற்றினோம். ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் சேர்க்கும் போல்ட்டுகளைக் கழற்றினால் கேம்பர், டோ இரண்டும் நகரும் என்பதால் அலைன்மென்ட்டையும் மறுபடி செய்ய வேண்டியிருந்தது. ஒரு பாகத்தைத் தள்ளிப்போட்டதில் மிச்சமானதைவிட இரண்டாவது அலைன்மென்ட்டும் கூலியும் அதிகம்.

இனி மாற்றிச் செய்பவை

மவுண்ட் பேரிங் போன்றவற்றைத் தள்ளிப்போடக் கேட்டால், ‘இப்போது செய்தால் இவ்வளவு, பிறகு செய்தால் அலைன்மென்ட்டோடு இவ்வளவு’ என்று இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். முடிவு வண்டிக்காரருடையதுதான். ஆனால் முழுக் கணக்கும் அவர் கண்ணில் பட வேண்டும். ஸ்ட்ரட் மாற்றும் எந்த வேலையிலும் மவுண்ட்டையும் பேரிங்கையும் மதிப்பீட்டிலேயே சேர்த்து எழுதுகிறோம்.

முன்பக்கச் சத்தம், இழுப்பு, டயர் தேய்மானம் என்று வரும் கார்களுக்குச் சோதனை வரிசையையும் மாற்றிவிட்டோம். முதலில் டயர், அப்புறம் ரோடு, அதன்பின் குழி, கடைசியில்தான் லிஃப்ட். புஷ்ஷின் மேல் மார்க்கர் கோடும் வீடியோவும் இப்போது வழக்கமாகிவிட்டது. ஆட்டம் இருக்கிறது என்று நாங்கள் வாயால் சொல்வதைவிட அவர்களே பார்ப்பது நல்லது. பார்த்தபின் யாரும் விலைக்காக ஆபத்தான பாகத்தைத் தள்ளிப்போடக் கேட்டதில்லை.

அலைன்மென்ட்டுக்கு மட்டும் என்று வரும் காரையும் ஸ்டியரிங்கை ஆட்டி, பிரேக் சோதனை செய்து, ஆட்டம் இல்லை என்று உறுதி செய்தபிறகே மேடையில் ஏற்றுகிறோம். ஆட்டம் இருந்தால் அலைன்மென்ட் பார்க்காமல் திருப்பி அனுப்புகிறோம். சிலர் கோபப்படுகிறார்கள். ஆசிரியையின் காருக்கு முன்பு எடுத்த பச்சை நிறத் தாள் ஒன்றை அவர் அனுமதியோடு மேடைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். அந்தத் தாளோடு ஓடித் தேய்ந்த டயரையும் அருகிலேயே வைத்திருக்கிறோம், கேட்பவர்கள் உள்ஓரத்தைத் தடவிப் பார்க்கலாம்.